அச்சுப்பிழை என்று நான் சொன்ன கணக்கு

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விடுமுறை. மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவனுக்கு வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் தானும் மனிதப் பிறவி என்கிற நினைப்பு வரும். அந்த மாதத்திலும் எனக்கு வகுப்பு வைத்துவிட்டாள் வடிவு.

என் மனைவி சங்கரவடிவு பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். முடித்தவள் என்று சொல்ல முடியாது. துணைப்பாடமான இயற்பியலில் ஒரு தாள் அரியர். கல்யாணத்துக்கு முன்பு நின்றது, பதினைந்து வருடமாக நின்றபடியே நிற்கிறது. பட்டம் கைக்கு வராததால் ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. மிஸ்ஸாகவே இருக்கிறாள். இப்போது பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று ஒரு தேர்வு அறிவித்திருக்கிறது. இதில் போனால் போனதுதான். தேர்வு மே 31, திருநெல்வேலியில்.

பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார் எல்லார் முன்னாலும் சொன்னாராம், "மாப்பிள்ளையே பிசிக்ஸ் வாத்தியார். ஒரு பேப்பர் என்ன பெரிய பேப்பர்? அவரே முடிச்சுக் குடுத்துருவாரு" என்று. நானும் தலையாட்டினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்குக் கேசரி நன்றாக இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது.

காலையில் இரண்டு மணி நேரம் பாடம். மற்ற நேரம் அவள் தனியாகப் படிப்பாள். ஆகவே சமையலும் துணி துவைப்பதும் என் தலையில். மகள் கோதை பாத்திரம் கழுவுவாள். அவள் இந்த ஜூனில் பத்தாவது போகிறாள், அதனால் அவளிடம் வேலை வாங்கக் கூடாதாம். அதை அவளேதான் சொன்னாள்.

மே 6, செவ்வாய்

பாடம் தொடங்கியது. நான் முதலில் எடுத்துப் பார்த்தது பழைய வினாத்தாள்களை. எந்த வாத்தியாரும் அதைத்தான் முதலில் பார்ப்பான். ஒளியின் குறுக்கீட்டு விளைவில் ஒரு கணக்கு வருகிறது. ஆனால் 'அல்லது' என்று போட்டு வேறு பாடத்திலிருந்தும் ஒன்று வருகிறது.

"குறுக்கீட்டுக் கணக்கச் சாய்ஸ்ல விட்டுரு" என்றேன். இதுதான் என் முறை. என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அந்தக் கணக்குகளைத் தொட்டதில்லை. தொடாமலே நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறார்கள். நான் சொல்லிப் பெருமைப்படுகிற விஷயம் இது.

"விட மாட்டேன்" என்றாள் வடிவு. "போன தடவ இதத்தான் விட்டேன். அல்லதுல வந்ததும் தெரியல. அதுலதான் போச்சு."

"பரீட்சைக்குப் படிக்கியா, ஆராய்ச்சிக்குப் படிக்கியா?"

"எனக்குப் புரியணும். புரியாம எழுதி எழுதித்தான் இப்படி நின்னுபோச்சு."

சரி என்று இரட்டைப் பிளவை எடுத்தேன். ஒரே விளக்கின் ஒளி இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக வந்து திரையில் சேர்கிறது. ஓர் அலையின் மேடும் மற்றதன் மேடும் சேர்ந்தால் வெளிச்சம். மேடும் பள்ளமும் சேர்ந்தால் இருட்டு.

"ரெண்டு வெளிச்சம் சேந்து இருட்டாகுமா?"

"ஆகும்."

"நீங்களும் நானும் சேந்து பீரோவ நகத்துன மாதிரி."

கோதை அடுக்களையிலிருந்து சிரித்தாள். வகுப்பில் இப்படிச் சிரித்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். ஆனால் கணக்கை வடிவு ஒரே தடவையில் போட்டுவிட்டாள், அதையும் சொல்ல வேண்டும்.

மே 9, வெள்ளி

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மே 12, திங்கள்

இன்றைக்குச் சண்டை. இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு ஓரத்தை ஒட்டவிட்டு, மறு ஓரத்தில் ஒரு தலைமுடியைச் செருகினால் நடுவே மெல்லிய காற்று இருக்கும். மேலிருந்து பார்த்தால் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் தெரியும். எல்லாக் கல்லூரியிலும் செய்கிற சோதனை.

"ஒட்டுற எடத்துல எடவெளியே கெடையாதே" என்றாள். "ரெண்டு ஒளியும் சேந்தேதான வரும்? அப்ப வெளிச்சமால்லா இருக்கணும். புத்தகத்துல இருட்டுன்னு போட்டுருக்கு."

"கட்டமாற்றம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா அரை அலைநீளத்தக் கூட்டிக்கோன்னு அர்த்தம். மெல்லிய படலம்னு பாத்தாலே கண்ண மூடிக்கிட்டு அரையக் கூட்டு."

"ஏன் கூட்டணும்?"

"ஏன்னு பரீட்சைல கேக்க மாட்டான்."

"நான் கேக்கேன்லா" என்றாள். நான் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது என்று வந்தபிறகு கோதை காட்டினாள்.

மே 15, வியாழன்

கண்ணாடித் தகட்டின் மேல் எண்ணெய்ப் படலம். எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.2, கண்ணாடியினுடையது 1.5. ஒளியின் அலைநீளம் 600 நானோமீட்டர். மேலிருந்து பார்க்கும்போது பளிச்சென்று தெரிய வேண்டுமானால் படலம் குறைந்தது எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

நான் சொல்லிக் கொடுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு அரையைக் கூட்டினாள். 125 வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 250 என்று போட்டிருக்கிறது.

நான் போட்டுப் பார்த்தேன். 125தான். மறுபடியும் போட்டேன். 125.

"அச்சுப்பிழை" என்றேன்.

"அச்சுப்பிழைன்னா 152ன்னு வரும், இல்ல ஒரு சைபர் விட்டுப்போகும். சரியா ரெண்டு மடங்காவா வரும்?"

"இந்தப் புத்தகக்காரன் எல்லாம் அப்படித்தான். நான் எத்தன புத்தகம் பாத்துருக்கேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள்.

மே 16, வெள்ளி

வடிவு ஸ்கேல் வைத்து அந்த 250ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 125 என்று எழுதியிருக்கிறாள். நல்ல நேர்த்தியான கோடு. எனக்கு ஏனோ அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மே 18, ஞாயிறு

தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கோதை தட்டோடு வந்து நின்று, "அம்மா மதுர போனப்பறமும் ஞாயித்துக்கிழம தோசதானாப்பா?" என்று கேட்டாள்.

"எந்த மதுர?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வடிவு கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். தேர்வில் பாஸானால் மதுரையில் அவளுடைய அக்கா வீட்டில் தங்கி பி.எட். படிக்கப் போகிறாளாம். இரண்டு வருடம். அக்காவிடம் பேசியாகிவிட்டது. சனி ஞாயிறு இங்கே வந்துவிடுவாளாம்.

"பக்கத்துலயே காலேஜ் இல்லியா?" என்றேன்.

"இருக்கு. காலைல சமைச்சு வச்சுட்டு பஸ்ஸு புடிச்சுப் போயி, சாயந்தரம் வந்து திரும்பச் சமைச்சு, அப்பறம் எப்பப் படிக்க? ஏற்கெனவே அப்படிப் படிச்சுத்தான் பாத்தாச்சே."

"பத்தாங்கிளாஸ் பிள்ளைய விட்டுட்டுப் போவியா?"

"என்ன இதுல இழுக்காதீங்கப்பா" என்றாள் கோதை. "நான் படிச்சுக்கிடுவேன்."

நல்ல விஷயம்தான். படிக்கட்டும். நான் எதற்குக் குறுக்கே நிற்கப் போகிறேன்? எனக்கு ஒன்றும் இல்லை. மதுரையில் கொசு அதிகம், அதைச் சொன்னேன்.

தோசை இரண்டு கருகிவிட்டது.

மே 19, திங்கள்

சரியாகத் தூக்கம் இல்லை. வெயில்தான் காரணம்.

மே 22, வியாழன்

மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனேன். கொடிக்கயிற்றின் ஒரு முனை சுவரில் ஆணியில் கட்டியிருக்கிறது. மறு முனை அவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்து இழுத்துக் கட்டும்போது கயிற்றை ஓர் உதறு உதறினேன். கயிற்றில் ஒரு மேடு கிளம்பி ஆணி வரைக்கும் ஓடியது. திரும்பி வரும்போது பள்ளமாக வந்தது.

மறுபடி உதறினேன். மேடாகப் போகிறது, பள்ளமாக வருகிறது. அசையாத ஆணியில் மோதுவதால் கவிழ்ந்துவிடுகிறது. இதை நானும் பரீட்சைக்குப் படித்து எழுதியிருக்கிறேன். கையால் பிடித்துப் பார்த்ததில்லை.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஒளியும் அப்படித்தான். தான் வருகிற பொருளைவிட அடர்த்தியான பொருளில் மோதினால் கவிழ்ந்து திரும்பும், அந்தக் கவிழ்தல்தான் நாம் கூட்டுகிற அரை. கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காற்று இருக்கும்போது ஒரு ஒளி கவிழ்கிறது, மற்றது கவிழ்வதில்லை. அதனால்தான் ஒட்டுகிற இடம் இருட்டு. வடிவு கேட்ட 'ஏன்' அதுதான். ஆனால் கண்ணாடி மேல் எண்ணெய் இருந்தால்? காற்றில் வந்த ஒளி எண்ணெயில் மோதிக் கவிழும். எண்ணெயைத் தாண்டிப் போனதும் கண்ணாடியில் மோதிக் கவிழும். இரண்டும் கவிழ்ந்தபின் அரையைக் கூட்ட என்ன இருக்கிறது? 600ஐ 2.4ஆல் வகுத்தால் 250.

புத்தகம் சரி. பிழை புத்தகத்தில் இல்லை.

இத்தனை வருடம் பிள்ளைகளைச் சாய்ஸில் விடச் சொல்லிச் சொல்லி, நானும் அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. துணியைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். வடிவு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சொல்லலாம் என்று அடுக்களைக்குப் போனேன்.

மே 23, வெள்ளி

அவள் வேறு பாடத்தில் மும்முரமாக இருந்தாள். நடுவில் போய்க் குழப்பக் கூடாது.

மே 25, ஞாயிறு

வடிவுக்குத் தலைவலி. தலைவலியோடு இருப்பவளிடம் கணக்குப் பேசுவது முறையில்லை. வெண்டைக்காய் வாங்கினேன், முற்றல்.

மே 27, செவ்வாய்

அவளே கேட்டுவிட்டாள். "அந்த அச்சுப்பிழைக் கணக்கு மாதிரி வந்துட்டா 125 வர்ற மாதிரியே போட்டுரவா? மனசுல ஒட்டவே மாட்டேங்கி."

"அதெல்லாம் வராது" என்றேன்.

வராது என்று சொன்னது பொய் இல்லை. வராமல் போகலாம். வந்தாலும் ஒரு கணக்குக்கு எவ்வளவு மார்க் போய்விடும்? அவள் விளிம்பில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், மாதிரித் தேர்வு வைத்துத் திருத்தியவன் நான்தானே. பத்தாவது படிக்கிற பிள்ளை உள்ள வீடு இது. ஒரு வீடு என்றால் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எதற்காக இதையெல்லாம் சேர்த்து எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 29, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

மே 31, சனி

காலை முதல் பஸ். வடிவு மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள். சங்கரன்கோவிலில் ஏறியதும் நெற்றியில் திருநீற்றைச் சரிசெய்துகொண்டு, "பயமா இருக்குங்க. ஆனா இந்தத் தடவ எழுதிருவேன்" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வடிவு, அந்தக் கணக்கு" என்றேன்.

"எந்தக் கணக்கு?"

"எண்ணெய்க் கணக்கு. புத்தகம் சரி. நாந்தான் தப்பு. 250தான்."

அவசர அவசரமாக விளக்கினேன். எதில் மோதினால் கவிழும், எதில் கவிழாது, எப்போது அரையைக் கூட்ட வேண்டும், எப்போது கூடாது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். உடனே புரிந்துவிட்டது அவளுக்கு. முகம் மலர்ந்துகூட வந்தது. பிறகு கேட்டாள்.

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"போன வாரம். மாடில துணி காயப்போடும்போது."

"போன வாரமா?"

"ம்."

"நான் கேட்டேன். செவ்வாக்கெழம கேட்டேன் உங்ககிட்ட."

என் முழங்கையிலிருந்து கையை எடுத்தாள். தேவர்குளத்தில் முன்னால் ஒரு பெண் இறங்கியதும் பையை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து பார்த்தேன். புத்தகத்தைத் திறந்து ஏதோ எழுதினாள். பிறகு மூடி வைத்துவிட்டு, திருநெல்வேலி வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கல்லூரி வாசலில், "கோதைக்குப் போன் போட்டுச் சாப்பிடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். பரீட்சைக்கு முன்னால் ஒரு மாணவியை இப்படி உலுக்கிவிடுகிறவன் என்ன வாத்தியார்? முன்னாடியே சொல்லாததும் தப்பு, இன்றைக்குச் சொன்னதும் தப்பு என்று மாறி மாறித் தோன்றியது. மூன்று மணி நேரமும் உட்கார முடியவில்லை.

வெளியே வந்தாள். "அந்தக் கணக்கு வரல" என்றாள். "எரட்டப் பிளவுதான் வந்துச்சு."

"எழுதினியா?"

"மொத அர மணி நேரம் ஒண்ணுமே எழுதல. தெரியாம இல்ல. பேனாவ எடுக்கவே தோணல."

வராத கணக்குக்காக வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோமே என்று திரும்பும் பஸ்ஸில் ஒரு தடவை நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சமையல் மறுபடி வடிவிடம் போய்விட்டது. சாம்பார் ருசியாக இருக்கிறது. தேவையான பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. "எண்ணெய் தீந்துபோச்சு" என்றாள். அந்தச் சொல்லே எனக்குச் சுருக்கென்று பட்டது.

ஜூன் 8, ஞாயிறு

கோதை சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். வடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தப்புதான்" என்றேன். "தெரியாம இருந்தது பெரிய தப்பில்ல. தெரிஞ்சும் சொல்லாம இருந்தது தப்பு."

அவள் தண்ணீரை வடித்தாள். "அது எனக்குத் தெரியும். ஏன் சொல்லலன்னு சொல்லுங்க."

"கோதை பத்தாங்கிளாஸ்..."

"கோதைய விடுங்க."

நான் கீழே சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கினேன்.

"போகாதன்னு மொகத்துக்கு நேரா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றாள். "சண்ட போட்டுருப்பேன். ஜெயிச்சோ தோத்தோ ஏதோ ஒண்ணு ஆகியிருக்கும். அதச் சொல்லத் தைரியமில்லாம கணக்குக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டீங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் புத்தகத்தயே அடிச்சேன்."

அழவில்லை. குரலும் உயரவில்லை. அரிசியை உலையில் போட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 24, செவ்வாய்

பன்னிரண்டாம் வகுப்பில் குறுக்கீட்டுக் கணக்குகளை எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். "சார், இதச் சாய்ஸ்ல விட்டுரலாம்னு போன வருசத்து அண்ணன்மார் சொன்னாங்களே" என்று ஒருவன் எழுந்தான். உட்காரச் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

முடிவு வந்துவிட்டது. கோதைதான் போனில் பார்த்தாள். முதலில் தளம் திறக்கவில்லை. பிறகு எண்ணைத் தப்பாக அடித்தாள். நான் கத்தினேன். வடிவு சுவரோடு சுவராக நின்றாள்.

"அம்மா, பாஸு!"

வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். பதினைந்து வருடத்து அழுகை. எனக்கு நான் நினைத்ததைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. இதை நான் அழகுக்காக எழுதவில்லை, உண்மையிலேயே வந்தது. அரை கிலோ அல்வா வாங்கி வந்தேன். அவள் ஒரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள். மே மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மதுரைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆடி முடியட்டும் என்று அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காலையிலேயே கிளம்புகிறாள் என்பதால் ஐந்து மணிக்கே அடுப்பு பற்ற வைத்தாயிற்று. இட்லிப் பொடியும் ஊறுகாயும் எனக்கும் கோதைக்கும் தனியாக எடுத்து வைத்திருந்தாள். எந்த நாளில் என்ன சமைக்கலாம் என்று வாயாலேயே ஒப்பித்தாள். நான் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன்.

பெட்டி மூடவில்லை. என்னைக் கூப்பிட்டாள். நான் மேலே முழங்காலை வைத்து அழுத்தினேன். அவள் பக்கத்தில் குனிந்து பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போகாத வடிவு" என்றேன்.

நிமிர்ந்தாள். "என்னது?"

"போகாத. கோதைக்காகச் சொல்லல. எனக்கு. நீ இல்லாம இந்த வீட்ல இருக்க எனக்குப் பயமா இருக்கு. படிச்சு முடிச்சு நீ வேற ஆளாயிருவ, அப்பறம் நான் உனக்கு எதுக்குன்னு இருக்கு. இதச் சொல்லத்தான் வாய் வரல."

சொல்லிவிட்டேன். காது சுட்டது. கோதை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இத மே மாசமே சொல்லியிருக்கணும்" என்றாள்.

"சொல்லியிருந்தா போக மாட்டியா?"

"அப்பவும் போயிருப்பேன். இப்பவும் போறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆனா இத்தன நாளா சமைச்சுப்போட ஆளு வேணும்னு மட்டும் இருக்குற மனுசன விட்டுட்டுப் போறதாத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் முழங்காலை எடுக்காமல் நின்றேன்.

"நல்லா அழுத்துங்க" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அழுத்தினேன். பூட்டு விழுந்தது.